ஒரு ஆள் குறைந்த கப்பல்

முகம் முழுக்கச் சவர நுரையோடு, கதிரையில் விறைப்பாக நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் இப்போதும் என் கண்ணுக்குள் வருகிறார். ஒஸ்லோவின் கிழக்கே, எல்லிங்ஸ்ருட்டில் நான் பராமரிப்பாளராக இருந்த முதியோர் இல்லத்தில் அவரைக் கப்பல்காரர் என்போம். தொண்ணூறை நெருங்கியவர். காலைச் சாப்பாடு ஐந்து நிமிடம் பிந்தினால் வீட்டை இரண்டாக்கிவிடுவார். சவரக்கத்தி கன்னத்தில் பட்டால் மட்டும் பெட்டிப்பாம்பாக அடங்குவார். அப்போதுதான் கதை வரும், எந்நாளும் ஒரே கதை.

உலகப்போர் முடிந்தபோது அவர் ஒரு போர்க்கப்பலில் எழுத்தர். எதிரிப் படைப்பிரிவு ஒன்று அந்தக் கப்பலின் மேல்தளத்தில் முறைப்படி சரணடைந்தது. பச்சைத் துணி விரித்த மேசை, இருபுறமும் அதிகாரிகள், சரணடைவோரின் பெயர்ப்பட்டியல் இவர் கையில். பெயர் கூப்பிட்டு எண்ணினால் ஒருவர் குறைகிறார். தோற்ற தளபதியே பரவாயில்லை என்கிறார். இவர்களுடைய கப்டன் பேனையைத் தொடவில்லை. எல்லோரும் குளிர்காற்றில் ஒரு மணித்தியாலம் நின்றார்கள். கடைசியில், கடல் ஒத்துக்கொள்ளாமல் கயிற்றுக் குவியலுக்குப் பின்னால் வாந்தியெடுத்துக்கொண்டிருந்தவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்களாம்.

"எதிரிதானே, ஒரு ஆளுக்காக அவ்வளவு நேரமோ?" என்று ஒருநாள் சீண்டினேன்.

"கையெழுத்து வைச்சால் அவங்கள் எங்கட பொறுப்பு. ஆளைக் காணாமல் எப்பிடிப் பொறுப்பெடுக்கிறது?" என்று சீறினார். அவர் நொர்வேஜிய மொழியில் சொன்னது எனக்கு இப்படித்தான் எழுத வருகிறது. நுரை என் சட்டையெல்லாம் தெறித்தது. நான் சிரித்தேன்.

ஊரில் எங்கள் போர் முடிந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அண்ணா இராணுவத்திடம் சரணடைந்தார். அவரை ஏற்றிய பஸ்ஸைக் கண்டவர்கள் உண்டு. அவர் பெயரை யாரும் எழுதியதைக் கண்டவர் இல்லை; பிறகு அவரையும் கண்டவர் இல்லை. அதன்பின் கிழவர் கதையைத் தொடங்கினால் எனக்குக் கோபம் வந்தது. வாந்தியெடுத்த ஒருவனுக்காக ஒரு கப்பலே காத்து நின்றதே என்ற பொறாமைதான் அது. சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒருநாள் பொறுக்கமுடியாமல் அண்ணாவைப் பற்றிச் சொன்னேன்.

"பட்டியலில ஆர் கையெழுத்து வைச்சது?" என்று கேட்டார்.

பட்டியலே இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அதே கேள்வியை இன்னும் சத்தமாகக் கேட்டார்.

அவர் காலமாகிப் பல வருடங்கள். போன வருடம் அண்ணி ஊரிலிருந்து தொலைபேசி எடுத்தார். காணியை மகளுக்குச் சீதனமாக எழுத அண்ணாவின் மரணச் சான்றிதழ் தேவை. அவர் இறந்துவிட்டார் என்று அண்ணி எழுதிக் கையெழுத்து வைத்தால் கிடைத்துவிடுமாம். நான் வேலைக்குப் போகும் சுரங்க ரயிலில் நின்றுகொண்டிருந்தேன்.

"வையுங்கோ அண்ணி, கடதாசிதானே," என்றேன். உலகம் தெரிந்தவன் என்ற நினைப்பு எனக்கு.

அண்ணி அழவில்லை. "தம்பி, அவரைக் கையில பிடிச்சுக் கொண்டுபோய் அவங்களிட்டை விட்டது நான். உயிரோட குடுத்தனான். செத்தவர் எண்டும் நானே எழுதிக் குடுக்கிறதோ?"

எந்த நிலையமென்று பார்க்காமல் இறங்கிவிட்டேன். மேடையில் நின்றபடிதான் சொன்னேன்.

"வைக்க வேண்டாம் அண்ணி."

மகளின் கலியாணம் நடந்து முடிந்துவிட்டது. காணி அண்ணாவின் பெயரிலேயே இருக்கிறது.