நான் செத்ததைப் பார்க்க அம்மா வந்தார்

ஒபரா என்கிற மேற்கத்திய இசைநாடகத்தில் காதலிப்பவனுக்கு எப்போதும் உச்சக் குரல். அதற்குக் கீழே, ஆண் குரலின் நடுப்பகுதியில் பாடுகிற என்னைப் போன்ற பரிட்டோனுக்குக் கிடைப்பது சந்தேகம் பிடித்த புருஷன், கெட்ட தமையன், கடைசியில் கத்திக்குத்து. சனத்துக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கலியாண வீடுகளில் "தம்பி என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டால், "மியூசிக் பக்கம்" என்று அம்மா மெல்லச் சொல்லிவிட்டு, அக்கா பாமசியில் வேலை செய்வதை உரத்துச் சொல்லுவார்.

முப்பது தாண்டித்தான் எனக்கு முதல் பெரிய வேடம் கிடைத்தது. டவுன்டவுனில் பெரிய மண்டபம். ஞாயிறு, புதன், சனி என்று மூன்று காட்சிகள். அதுவரை ஈட்டி பிடித்துக்கொண்டு பின்னால் நின்றவனுக்கு லொத்தர் விழுந்த மாதிரி. புதன்கிழமைக் காட்சிக்கு ஜேர்மனியில் ஒரு ஒபரா கொம்பனியிலிருந்து ஒருவர் வருவார், அவருக்குப் பிடித்தால் அங்கே நிரந்தர வேலை என்று என் ஏஜென்ட் சொல்லியிருந்தா. பாடத் தொடங்கிய நாள் முதல் நான் காத்திருந்தது அதற்குத்தான்.

அம்மா ஞாயிறு பகல் காட்சிக்கு வந்தார். கோயில் தேருக்கு உடுக்கிற பட்டுச்சேலை, அதற்கு மேல் பனிக்கால ஜக்கெட். காலையில் இடியப்பம் சாப்பிடும்போது அவருக்குக் கதை சொன்னேன். இடைவேளை வரைக்கும்தான் சொன்னேன், முடிவைச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசி அங்கத்தில் கத்தி இறங்கியது. நான் முழங்காலில் விழுந்து, கடைசி வரியைப் பாடி, மல்லாக்கச் சரிந்தேன். வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்து, மண்டபமே மூச்சுக் காட்டாமல் இருக்க வேண்டிய இடம் அது.

"ஐயோ, என்ர பிள்ளை!"

இருமல், தும்மல் என்று சொல்லித் தப்ப முடியாத சத்தம். அசல் செத்தவீட்டுச் சத்தம். யாரோ சிரித்தார்கள், பிறகு இன்னும் சிலர். என்னைக் குத்திய கதாநாயகனின் தோளே குலுங்கியது. பிணம் முகத்தை மூடிக்கொள்ள முடியாது. காதுமடல் எரிய, மானம் போய், அப்படியே கிடந்தேன். தரை பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்று இருந்தது.

எங்கள் வீடு இருக்கிற மல்வேர்னுக்குத் திரும்பும் வழியெல்லாம் நான் முகத்தைத் தூக்கி வைத்திருந்தேன். அம்மாதான் கதைத்தார்.

"அத்தினை சனத்துக்கு முன்னால பிள்ளையைப் பிணமாக் கிடத்தி வைச்சிருக்கிறாங்கள். எத்தினை கண் பட்டிருக்கும்! ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"அது நடிப்பு அம்மா."

"நடிப்பெண்டாலும் செய்யக்கூடாத காரியம்."

வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைக் குசினிக் கதிரையில் இருத்தி, செத்தல் மிளகாயும் உப்பும் கையில் பொத்தி, தலையைச் சுற்றி நாவூறு கழித்து, அடுப்பில் காய்ந்த தாச்சிச் சட்டியில் போட்டார். நெடி எழும்பாவிட்டால் கண் பட்டிருக்கிறது, எழும்பினால் பட்டதில்லை. எங்கள் வீட்டில் இதுதான் நியதி. எழும்பியது. மாடிவரைக்கும் எழும்பியது. ஸ்மோக் அலாரம் கத்தத் தொடங்கியது, யன்னலோ பனியில் இறுகித் திறக்கவில்லை. ஆக, அந்தப் பெரிய மண்டபத்தில் ஒரு சீவன்கூட என்னைப் பார்த்துப் பொறாமைப்படவில்லை என்பது நிரூபணமாகிவிட்டது.

தொண்டையை வைத்துப் பிழைப்பவன் அந்த இடத்தைவிட்டு எழும்பி ஓடியிருக்க வேண்டும். ஆனால் காரில் அம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்காதது மனதைக் குடைந்துகொண்டிருந்தது. அதனால் இருமி இருமி இருந்து கொடுத்தேன்.

மறுநாள் காலை குரல் தகரத்தைச் சுரண்டுகிற மாதிரி வந்தது. சில நாளைக்கு வாயே திறக்கக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். கொம்பனி மனேஜருக்குப் போன் எடுத்து, புதன்கிழமை பாட முடியாது என்று கரகரத்தேன். ஏன் என்று கேட்டார். அலர்ஜி என்று ஒரு சொல்லோடு முடித்திருக்கலாம். அம்மா கண்ணூறுக்கு மிளகாய் எரித்த கதையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"ஞாயிற்றுக்கிழமை கத்தின அதே அம்மாவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"அவவேதான்" என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

திரும்பினால், மல்லித்தண்ணிக் கோப்பையோடு அம்மா அறைவாசலில் நின்றார். நேர்சிங் ஹோமில் நெடுங்காலம் வேலை செய்தவர், ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். கோப்பையை மேசையில் வைத்து, "ஆற முதல் குடி" என்றார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கோப்பையைப் பார்த்துக்கொண்டு குடித்தேன்.

நான் வராவிட்டால் பாடுவதற்கென்று ஆயத்தமாய் வைத்திருந்தவன் புதன்கிழமை பாடினான். நன்றாகவே பாடினான் என்றார்கள். ஜேர்மன்காரர் அவனைக் கொத்திக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டில் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, ஆனால் அக்கா அம்மாவிடம் சொல்லிவிட்டா. "நான்தானே கெடுத்தது" என்று அம்மா அவவிடம் சொல்லி அழுதாராம். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமைக்குள் குரல் திரும்பிவிட்டது. அன்று காலை அம்மா கேட்டார்: "இண்டைக்கு நானும் வரட்டே? கடைசி வரிசையில, கதவுக்குப் பக்கத்தில இருக்கிறன்."

எந்த இடத்துக்கும் "நானும் வாறன்" என்று முதலில் ஜக்கெட்டைப் போடுகிறவர் அம்மா. என் மேடைக்கு வர என்னிடமே அனுமதி கேட்கிறார். கடைசி வரிசை என்றதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை எழுத இப்போதும் கூசுகிறது.

கத்தி இறங்கியது. விழுந்தேன், பாடினேன், சரிந்தேன். வாத்தியங்கள் ஓய்ந்தன. செத்துக் கிடந்தபடி காதைக் கொடுத்துக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை. அப்படியொரு அமைதி கிடைக்காதா என்று எந்தப் பாடகனும் ஏங்குவான். எனக்கு அது பிடிக்கவேயில்லை. கடைசி வரிசையிலிருந்து அந்த "ஐயோ" வந்தால் எழும்பிப் போய்க் கட்டிப்பிடிப்பேன் என்று இருந்தது. கைதட்டல்தான் வந்தது.

வேஷம் கலைத்து வெளியே வந்தபோது அம்மா சனத்துக்குள் வராமல் ஒரு தூணோடு ஒதுங்கி நின்றார். சேலைத் தலைப்பு அவருடைய கைக்குள் சுருண்டு கிடந்தது. பிடித்துப் பார்த்தேன், நனைந்திருந்தது. வாய்க்குள் அடைத்து வைத்திருந்திருக்கிறார்.

"இண்டைக்கு நான் சத்தம் போடேல்லைத்தானே தம்பி?" என்று கேட்டார்.