மாநிலத்தைத் தேர்வு செய்க

ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிற தொழிலில் முதலில் கற்றுக்கொள்கிற பாடம் இதுதான்: மாநிலத்தைச் சொல்லாமல் மாவட்டம் திறக்காது, மாவட்டத்தைச் சொல்லாமல் தாலுகா திறக்காது, எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்போது சர்வர் இருக்காது. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் சென்டர். ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். சின்ன வயதில் தாத்தா சொன்ன கதைகளில் ராஜா ஒருத்தர்தான். குறை இருந்தால் அரண்மனை வாசலில் போய் நின்றால் போதும். இங்கே டெல்லி, சென்னை, தென்காசி, தாலுகா, பஞ்சாயத்து என்று ஐந்து அரண்மனை. எந்த வாசலில் நிற்பது என்று தெரியாமல் அந்த நாற்காலிகளில் வியர்த்து உட்கார்ந்திருக்கிற அன்பர்களே, கீபோர்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நானும் உங்கள் கட்சிதான். எனக்கு ஃபேன் கொஞ்சம் கிட்டத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

போன ஜூன் மாதத்தில் ஒரே ஒரு வாரம் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பெயர் மட்டும் போதாது

திங்கட்கிழமை காலையில் முருகையா என்பவர் மகளோடு வந்தார். திருவேங்கடம் பக்கத்துக் கிராமம். இருபது வருஷத்துக்கு மேல் பம்பாயில் இட்லிக் கடை. கடை இருந்த கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்களாம். இடுப்பு வலியும் சேர்ந்துகொள்ள, குடும்பத்தோடு ஊருக்கே திரும்பிவிட்டார். மகள் கோமதி அங்கேயே பிறந்து, அங்கேயே பிளஸ் டூ முடித்தவள். இன்ஜினீயரிங் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்ய வேண்டும்.

வெளிமாநிலத்தில் படித்தவர்கள் தமிழ்நாட்டுக்காரர்கள்தான் என்பதற்குப் பிறப்பிடச் சான்று கேட்பார்கள். நம் ஊரில் அதற்குப் பேர் நேட்டிவிட்டி. அது இல்லாவிட்டால் அரசுக் கல்லூரி வரிசையில் நிற்க முடியாது. தனியார் கல்லூரியை நினைத்துப் பார்க்கிற நிலைமையில் அவர் இல்லை. கடைசி நாள் அடுத்த திங்கள். எட்டு நாள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் ஆபீஸ் என்று மூன்று மேஜை ஏறி இறங்கி வர வேண்டும். நான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். முருகையா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“பம்பாய்ல பிறந்த பிள்ளைக்கு நம்ம சங்கரன்கோவில் அம்மன் பேர, கோமதின்னு வச்சிருக்கேன் தம்பி. இதுக்கு மேல என்ன நேட்டிவிட்டி வேணும்?”

நகராத வீடு

அவருடைய பள்ளிக்கூட டி.சி., பழைய சாதிச் சான்று எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தார். எல்லாவற்றிலும் திருநெல்வேலி மாவட்டம், சங்கரன்கோவில் தாலுகா என்று இருந்தது. நான் திரையில் தென்காசி மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் திருவேங்கடம் தாலுகாவைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, தப்பா அமுக்குதிய!”

மாவட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள், தாலுகாவும் தனியாகிவிட்டது என்று விளக்கினேன். வீடு அதே தெருவில்தான் இருக்கிறது, கதவுகூட அதே திசையைத்தான் பார்க்கிறது, சேர்ந்திருக்கிற பெட்டிதான் வேறு. அவர் கையிலிருந்த டி.சி.யையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நான்தான் ஊர விட்டுப் போயிட்டேன்னு நெனச்சிக்கிட்டிருந்தேன். எனக்குத் தெரியாம எங்க ஊரும்லா கிளம்பிப் போயிருக்கு!”

டெல்லி வழியாக ஒரு தெருக்குழாய்

மறுநாள் வேறு ஒரு அண்ணாச்சி சிரித்த முகமாக வந்தார். ஒரு மாதம் முன்னால் அவர் தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று டெல்லிக்கு மனுப் போடச் சொன்னவர். குழாய் பஞ்சாயத்து வேலை, டெல்லிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அப்போதே சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. போட்டோம். மனு டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்து, சென்னையிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு வந்து, அங்கிருந்து யூனியன் ஆபீசுக்கு இறங்கி, கடைசியில் அவருடைய பஞ்சாயத்து கிளார்க் கையிலேயே வந்து விழுந்திருக்கிறது. தண்ணீர் வந்துவிட்டது. மனு தீர்ந்தது என்று கையெழுத்து வாங்க, அந்த கிளார்க்கும் கூடவே வந்திருந்தார்.

“ஏன் அண்ணாச்சி, அடுத்த தெருவுலதான இருக்கேன்? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா ஆகாதா?” என்று கிளார்க் வருத்தப்பட்டார்.

“சொன்னேம்லா வே, மூணு தடவ! நடந்து வந்து சொன்னா உம்ம காதுல விழல. டெல்லிய சுத்திக்கிட்டு வந்தாத்தான விழுது!”

மலைக்கு அந்தப் பக்கம்

அதே நாள் மத்தியானம். சிவகிரியிலிருந்து சந்தைக்கு வந்த ஒரு அம்மா, ரேஷன் கார்டில் மகள் பெயரை எடுக்க வேண்டும் என்றார். தை மாதம் புனலூர்ப் பக்கம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே நீக்கினால்தான் கேரளாவில் சேர்ப்பார்கள். அவர் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலை தெரியுமாம். மகள் இருப்பது அந்த மலைக்குப் பின்னால்தான் என்று மகன் வழிப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுவாராம்.

திரையில் குடும்பத்தில் நான்கு பெயர்கள். மூன்றாவது பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தில் டிக் வைத்தேன். ‘உறுதியாக நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது. இந்த மாதிரிக் கேள்விகளை எழுதி வைக்கிறவர்கள் எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசிப்பதில்லை. நான் அமுக்காமல் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்துக்கொண்டார்.

“அமுக்குங்க தம்பி. கட்டிக் குடுத்தன்னைக்கு நான் அழல. மாப்ள வீட்டுக்காரங்க முன்னால எதுக்குன்னு இருந்துட்டேன்.”

வி.ஏ.ஓ. வந்த நேரம்

முருகையாவுக்குப் போனில் தகவல் வரும் என்றால் நம்பிக்கை இல்லை. செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். புதன்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் மகளும் எதிரே உட்கார்ந்து, “வி.ஏ.ஓ. விசாரணைக்கு வந்துட்டாரான்னு பாருங்க தம்பி” என்றார்கள். நிலுவையில் உள்ளது என்று காட்டியது.

வி.ஏ.ஓ. சரியாக அந்த நேரத்தில்தான் அவர்கள் வீட்டு வாசலில் நின்றிருக்கிறார். கோமதியின் அம்மாவும் ரேஷன் கடைக்குப் போயிருக்க, வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மாளிடம் கேட்டிருக்கிறார். அந்த அம்மாள், “அது பம்பாய்க்காரர் வீடுல்லா” என்று சொல்லிவிட்டு உளுந்து புடைக்கப் போய்விட்டார். வியாழக்கிழமை காலை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: குடும்பம் வெளிமாநிலத்தில் வசிப்பதாகத் தெரியவருகிறது.

உடனே மறுபடி விண்ணப்பித்தேன். வி.ஏ.ஓ.வுக்குப் போன் செய்தேன். என் குரல் மெல்லிசு, போனில் பாதிதான் போகும். இரண்டு தடவை சொன்னேன். “ஊர்ல சொன்னதத்தான் தம்பி எழுதினேன். நாளைக்கு வாரேன், ஆள வீட்டுல இருக்கச் சொல்லுங்க” என்றார், நியாயமாகவே. முருகையா மஞ்சள் பையை மடித்துக்கொண்டிருந்தார். கோமதிதான் பேசினாள். சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் தெருப் பிள்ளைகளை விட அவளுக்கு நெல்லைத் தமிழ் சுத்தம்.

“அங்கன மதராசிங்காங்க. இங்கன பம்பாய்க்காரிங்காங்க. நடுவுல ரயிலுன்னு ஒரு மாநிலம் அந்தப் பெட்டிக்குள்ள இருக்கா பாருங்கண்ணே. இருந்தா அதப் போட்டிருவோம்.”

எதிர்வீடு

வெள்ளிக்கிழமை கடையை ஒரு மணி நேரம் பூட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு நானும் போனேன். போயிருக்க வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்ப எண்ணை மனப்பாடமாகத் தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. கரிசல் காட்டு வெயிலில் வி.ஏ.ஓ. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றார். முருகையா டி.சி.யை நீட்டினார். வி.ஏ.ஓ. வாங்கிப் பார்த்துவிட்டு, அக்கம்பக்கத்தார் வாக்குமூலமும் வேண்டும் என்று எதிர்வீட்டைப் பார்த்துக் கூப்பிட்டார். ஐம்பது வயது அம்மாள், கையில் சுளகோடு வந்தார்.

“அன்னைக்குப் பம்பாய்க்காரங்கன்னு நீங்கதானம்மா சொன்னீங்க?”

“ஆமா. பம்பாய்க்காரர் வீட்ட வேற என்ன வீடுன்னு சொல்ல?”

“அப்ப இவங்க இந்த ஊரு இல்லதான?”

அம்மாள் சுளகைக் கீழே வைத்தார். “நல்லா கேட்டீரு! இவரு அப்பா, தாத்தா எல்லாம் இந்த மண்ணுலதான் கெடக்காவ. இவரு பம்பாய்க்குப் போனாரு, அதனால பம்பாய்க்காரரு. எங்க வீட்டுக்குப் பேரு ரங்கூன்காரர் வீடு. எங்க மாமனாரோட அப்பா எந்தக் காலத்துலயோ போயிட்டு வந்தாராம். நான் கோவில்பட்டியத் தாண்டுனதில்ல. என்னைய எந்தக் கப்பல்ல சார் ஏத்தப் போறீரு?”

வி.ஏ.ஓ. அப்போதுதான் ஹெல்மெட்டைக் கழற்றினார். சிரிப்பை அடக்கிக்கொண்டு, தெருவில் மற்ற வீடுகளின் பேரையும் கேட்டார். சிலோன்காரர் வீடு, மிலிட்டரிக்காரர் வீடு, அந்தக் கடைசியில் அசாம்காரர் வீடு. பைக் டேங்க் மேலேயே பேப்பரை வைத்து எழுதி, அம்மாளிடம் கையெழுத்து வாங்கினார்.

திங்கட்கிழமை மூன்று மணி வரைக்கும் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு நான் வேறு யாருக்கும் உருப்படியாக எதையும் டைப் செய்யவில்லை. மூன்றே காலுக்குச் சான்று வந்தது. நான்கு மணிக்குள் கவுன்சிலிங் பதிவை முடித்தோம். கோமதி பிரிண்ட் எடுத்த தாளைச் சூடு ஆறாமல் வாங்கி, இரண்டு தடவை படித்தாள். முருகையா நாற்காலியில் சாய்ந்து, முதல் தடவையாகச் சிரித்தபடி, “இப்பச் சொல்லு மக்கா, யாராவது கேட்டா நீ எந்த ஊருன்னு சொல்லுவ?” என்றார். அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“தென்காசி மாவட்டம், திருவேங்கடம் தாலுகா, பம்பாய்க்காரர் வீடு.”

இத்தனை பெரிய குடியரசில் ஒருவர் எந்த ஊர்க்காரர் என்பதை டெல்லியும் சென்னையும் சேர்ந்து எழுதி வைத்திருந்தாலும், கையெழுத்துப் போட எதிர்வீட்டுக்காரர் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துத்தான் போக வேண்டியிருக்கிறது.