சூசையின் தமிழைத் திருத்திய கதை

மொழிபெயர்க்கப் போன முதல் நாளே சொதப்பினேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஊரில் நான் தமிழ் மாஸ்டர். இத்தாலியில், பலெர்மோவில், சிஞ்ஞோராமார் என்ற வீட்டுக்கார அம்மாமாரின் வீடு துடைப்பவன். இத்தாலியன் கொஞ்சம் ஓடும் என்பதால், சூசையோடு குவெஸ்தூராவுக்குப் போகும்படி கோயில் பாதர் கேட்டார். அதுதான் விசாப் பார்க்கும் பொலிஸ் அலுவலகம்.

சூசை மன்னாரில் கடற்றொழில் செய்தவன். பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி கிடைத்தால்தான் மனைவியையும் மகளையும் கூப்பிடலாம். பிள்ளையைக் கண்டு மூன்று வருடம். எப்படி நாட்டைவிட்டு வந்தாய் என்று கேட்பார்கள் என்பதால், பதிலை நானே எழுதிப் பாடமாக்க வைத்தேன்.

"உன்ர கடற்கரைக் கதை அங்கை வேண்டாம். வடிவான தமிழிலை சொல்லு."

"ஓம் மாஸ்டர்."

கேட்கப் போகிறவர் தமிழே தெரியாத இத்தாலியர். அது என் மண்டையில் ஏறவில்லை.

குவெஸ்தூராவில் அதிகாரி முன்னால் சூசை இரண்டு வரி ஒப்புவித்தான். மூன்றாவதில் நின்றுவிட்டான்.

"இது இவருடைய கதையா, பாடமாக்கியதா?" என்று அதிகாரி என்னிடம் கேட்டார். அடுத்த செவ்வாய் வரச் சொன்னார்.

அந்த வாரம் ஒரேத்தோப் பகுதியில் நான் வேலை செய்த வீட்டில் ஒரு விஷயம் கேட்டேன். அங்கே அறை எடுத்து இசை படித்த கொரியப் பெண் சுயோன், தன் நாட்டு மாணவர்கள் வந்திருந்தால் கதவைச் சாத்திக்கொண்டுதான் அம்மாவோடு போனில் பேசுவாள். ஏனென்று கேட்டேன்.

"அது எங்கள் ஊர்ப் பேச்சு. சாத்துரி என்பார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதில் படித்தவர்களே ஒத்துப்போவதில்லை. எனக்கு அந்தச் சொல் சியோலில் படிக்கப் போன முதல் நாள் வகுப்பில்தான் வந்தது. வாய் திறந்ததும் சிரித்தார்கள். அதுவரை நான் சும்மா பேசுவதாகத்தான் நினைத்திருந்தேன்."

துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன். சூசையை நினைக்க வெட்கமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை வாசலில் வைத்துச் சொன்னேன்: "பாடமாக்கினதை விடு, சூசை. மனுசியோடை கதைக்கிற மாதிரிக் கதை."

"உங்களுக்கு விளங்குமோ?"

"விளங்காட்டிக் கேக்கிறன்."

வள்ளம் எப்படிப் புறப்பட்டது, எந்தக் காற்று திருப்பியது, வலையைத் தம்பியிடம் எப்படிக் கொடுத்தான் என்று கொட்டித் தீர்த்தான். நான் இத்தாலியனில் சொல்லச் சொல்ல அதிகாரி எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு காற்றின் பெயரும் ஒரு வலையின் பெயரும் எனக்கு விளங்கவில்லை. அவர் முன்னாலேயே சூசையிடம் கேட்டேன். சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னான்.

பெர்மெஸ்ஸோ வந்தது.

மொழிபெயர்க்க வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிவைக்கிறேன். சூசையின் தமிழை நான் திருத்தியது அவனுக்காக அல்ல. அவன் பேச்சு எனக்கு விளங்காமல் போனால் மாஸ்டரின் மானம் போய்விடும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்காக ஒருவன் தன் மகளைக் காணாமலே இருந்திருப்பான்.