குழாயைத் திருப்பிக் கேட்ட அக்கா

மாமல்லபுரம் பேருந்து நிலையத்தருகே இளநீர் விற்ற அந்த அக்காவுக்கு ஒரு விநோதப் பழக்கம். நாம் குடித்து முடிக்கும்வரை கையை நீட்டியபடி எதிரிலேயே நிற்பார். உறிஞ்சிய பிளாஸ்டிக் குழாயை வாங்கி இடுப்பில் செருகிய பிறகுதான் அடுத்த காயை வெட்டுவார். பேருந்துக்காகப் பரபரத்துக்கொண்டிருந்த நான், அவர் திரும்பிய நொடியில் குழாயைப் பின்னால் வீசிவிட்டேன்.

“குழா எங்க தம்பி?”

“போட்டுட்டேன்க்கா. அதுக்கென்ன?”

கடைக்குப் பின்னால் கட்டியிருந்த மாட்டைக் காட்டினார். “மூணு நாளா வைக்கலு வண்டி வரல. பசியில கண்டத மென்னுகினு கீது. போன வருசம் ஒண்ணு பிளாஸ்டிக்கு துன்னே செத்துச்சு.”

அப்போதும் என் வாய் அடங்கவில்லை. “இங்கிலீஷ்ல வைக்கோலும் ஸ்ட்ராதான், குழாயும் ஸ்ட்ராதான்க்கா. அந்தக் காலத்துல வைக்கோல் தண்டுலதான் உறிஞ்சிக் குடிச்சாங்களாம்!”

“இத்த என் மாடும் எப்பவோ படிச்சிடுச்சு போல. போய்த் தேடு!”

இருவரும் மணலில் குனிந்து தேடினோம். கிடைக்கவில்லை. பேருந்து வந்துவிட்டது, ஓடி ஏறிக்கொண்டேன். ஜன்னல் வழியே பார்த்தபோது, மாட்டின் வாயைப் பிளந்து உள்ளே கையை விட்டுக்கொண்டிருந்தார். குழாய் கிடைத்ததா, தெரியாது. நான் ஏன் இறங்கவில்லை என்பதும் இன்றுவரை புரியவில்லை.