நாலாவது மாடியின் சம்மதம்

குவைத்தில் குளிர் அடிக்கும் என்று சொன்னால் ஊரில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. பாலைவனத்தில் ஏதடி குளிர் என்று சிரிக்கிறார்கள். ஃபர்வானியாவில் நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்துக்கு ஒரு ஜனவரி மாதத்தில் வந்து, காலை எழுந்ததும் தரையில் வெறுங்காலை வைத்துப் பார்த்திருந்தால் சிரித்திருக்க மாட்டார்கள். சுவர், தரை, பாத்திரம், குழாய்த் தண்ணீர் எல்லாம் குளிர்ந்து கிடக்கும். விடிகாலை பஜ்ர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்துவிட்டு வரும் அத்தாவின் கைவிரல்கள் சுருங்கி வெளுத்திருக்கும். தொழுகைப் பாயில் உட்கார்ந்து ஊதி ஊதித் தேய்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கட்டடத்தில் சென்ட்ரல் ஏசி. மொட்டைமாடியில் இருக்கும் ஒரே மிஷின் கோடை முழுவதும் எல்லா வீட்டுக்கும் கூரைத் துவாரம் வழியாகக் குளிர்காற்று அனுப்பும். குளிர்காலம் வந்ததும் நின்றுவிடும். ஆனால் துவாரம் துவாரமாகத்தானே இருக்கும். அதன் வழியாக வெளிக்குளிர் இறங்கும். அதனால் நவம்பர் கடைசியில் வீட்டுக்கு வீடு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் துவாரத்தை மூடி, பழுப்பு டேப் ஒட்டிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அது அம்மாவின் வேலை. அந்த வருஷம் அம்மா வயிற்றில் பிள்ளையோடு இருந்ததால் அத்தா நாற்காலியில் ஏறினார். அட்டை ஒரு பக்கம் தொங்க, டேப் இன்னொரு பக்கம் போக, கடைசியில் அவர் தலைமுடியிலேயே ஒட்டிக்கொண்டது. அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு வெகுநாள் அந்த வீட்டில் யாரும் அப்படிச் சிரிக்கவில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. தம்பி நாள் ஆவதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டான். அம்மாவும் அவனும் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அம்மாவுக்கு ரத்தம் போயிருந்ததால் எழுந்திருக்க முடியவில்லை. தம்பி ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். நான் அவனைப் பார்த்ததே இல்லை. சின்னப் பிள்ளைகளை உள்ளே விடமாட்டார்கள். அத்தா தன் இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டி, இவ்வளவுதான் இருக்கிறான் என்று சொன்னார். அங்கே இருந்த மலையாளத்து நர்ஸ் அத்தாவிடம், பிள்ளை தேறி வீட்டுக்கு வரும்போது வீடு முழுக்க ஒரே மாதிரி சூடாக இருக்கவேண்டும், புகை கூடாது, எரிகிற கம்பி கூடாது என்று சொல்லியிருந்தார். அத்தா அதை ஹதீஸ் மாதிரி மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். அன்றிலிருந்து அவருக்கு ஹீட்டரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மாமா, அம்மாவின் தம்பி, கம்பெனி கேம்பில் இருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எங்கள் வீட்டுக்கு வருவார். அந்த வெள்ளிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். கம்பி சிவந்து எரியும் ஹீட்டரின் முன்னால் அத்தா உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். பிறகு என் கையைப் பிடித்து நீட்டிப் பார்த்தார். காற்றைக் காயவைத்துவிடும் என்றார். மண்ணெண்ணெய் அடுப்பு புகையும் என்றார். கரி அடுப்பு இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வாசலை அடைத்துக் கரி மூட்டித் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன கதை எல்லாருக்கும் தெரியும். மாமா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தார்.

"மச்சான், நீங்க ஹீட்டர் பாக்குறீங்களா, பொண்ணு பாக்குறீங்களா? ஒண்ணு சிவப்புங்கிறீங்க, ஒண்ணு நாத்தங்கிறீங்க."

"புள்ள மூச்சு விடப்போற காத்து, மாப்ள" என்றார் அத்தா.

கடைசியில் விலா எலும்பு மாதிரி மடிப்பு மடிப்பாக இருந்த எண்ணெய் ஹீட்டரை வாங்கினோம். அதற்குச் சக்கரம் இருந்தது. வீடு வரைக்கும் ரோட்டில் நான்தான் உருட்டிக்கொண்டு வந்தேன். பிஸ்மில்லா சொல்லி அத்தா சுவிட்சைப் போட்டார். வீட்டில் விளக்கு, பிரிட்ஜ் எல்லாம் ஒரேயடியாக அணைந்துபோயின. ஹாரிஸ், அதாவது கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வயசான எகிப்துக்காரர், டார்ச்சோடு மூச்சு வாங்க ஏறி வந்தார். இது பழைய வயர், ஹீட்டர் மாஃபி, கூடவே கூடாது, கட்டடத்தையே கொளுத்தப் பார்க்கிறாயா என்று சத்தம் போட்டார். அத்தா பிள்ளையைப் பற்றிச் சொன்னதும் அவர் குரல் இறங்கிவிட்டது. விரலால் மேலே காட்டினார். மொட்டைமாடி மிஷினிலேயே சூடும் உண்டாம். இதுவரை யாரும் கேட்டதில்லை. போட்டால் எல்லா வீட்டுக்கும் சேர்ந்துதான் போகும். ஒரு வீட்டுக்கு மட்டும் போடவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. அதனால் எல்லாரும் சம்மதித்தால்தான் போடலாம் என்று கட்டடத்துச் சொந்தக்காரர் சொல்லியிருக்கிறாராம்.

அத்தா கூச்சக்காரர். படியில் அடுத்த வீட்டுக்காரர் எதிரே வந்தால் தரையையே பார்த்துக்கொண்டு ஒதுங்குவார். அவர் வீடு வீடாகக் கதவைத் தட்டக் கிளம்பினார். இங்கிலீஷ் பேச என்னைக் கையில் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, அஸர் தொழுதுவிட்டு, நாளுக்கு ஒரு மாடி.

முதல் மாடியில் யாழ்ப்பாணத்து அன்ரி. அத்தா வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும் நேரமெல்லாம் நான் அவர் வீட்டில்தான் இருந்தேன். அத்தா பேச்சைத் தொடங்குவதற்குள்ளேயே அவர் முடித்துவிட்டார். "இதுக்கெல்லாம் வந்து கேக்கோணுமே, அண்ணை? ஓம் எண்டு சொல்லிவிடுங்கோ. உங்கட பிள்ளை சுகமா வரட்டும்." இரண்டாவது மாடியில் ஒரு வாத்தியார் குடும்பம். சூடு போட்டால் தங்கள் பிள்ளைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும் என்று முதலில் தயங்கினார்கள். பிறகு வாத்தியாரின் மனைவி உள்ளேயிருந்து வந்து அத்தாவின் முகத்தைப் பார்த்தார். சரி என்று சொல்லி எனக்கு ஒரு கை நிறைய ஈச்சம்பழ பிஸ்கட் கொடுத்தார். மூன்றாவது மாடி எங்களுடையது. எதிர்வீட்டு மலையாளத்துக்காரர்களும் சம்மதித்துவிட்டார்கள். எனக்கு அது பெருநாளைக்குக் காசு வாங்கப் போகிற மாதிரி இருந்தது. ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் தம்பி ஒரு படி ஏறி வீட்டுக்கு வருகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

நாங்கள் இரண்டாவது மாடிக்குப் போன அன்றைக்கே டாக்டர் கையை விரித்துவிட்டாராம். பல வருஷம் கழித்து மாமா சொன்னார். நெஞ்சு வளரவில்லை, துஆ செய்யுங்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். அத்தா அதைக் கேட்டுவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார்.

நாலாவது மாடியில் பேச்சுலர் ரூம். எங்கள் தெருமுனையில் இருந்த ரொட்டிக்கடை ஆட்கள் ஆறேழு பேர், வடக்கே எங்கேயோ மலைநாட்டைச் சேர்ந்தவர்கள், அங்கே தங்கியிருந்தார்கள். கதவு திறந்ததும் உள்ளேயிருந்து குளிர்காற்று முகத்தில் அடித்தது. அந்த ஜனவரியிலும் ஜன்னல்களைத் திறந்துபோட்டிருந்தார்கள். மூத்தவருக்குத் தாடியெல்லாம் மாவு. அத்தா தன் ஹிந்தியில் மெதுவாகக் கேட்டார். மூத்தவர் சட்டைக் கையைச் சுருட்டி முழங்கை வரை இருந்த சூட்டுத் தழும்புகளைக் காட்டினார்.

"பாய், நாள் பூரா தந்தூர் வாய்க்குள்ள கைய விட்டு நிக்கிறோம். இந்த ரெண்டு மாசக் குளிருதான் எங்களுக்கு லீவு. அதையும் கேக்குறீங்களே."

அத்தா தலையை ஆட்டினார். அச்சா பாய் என்று சொல்லிவிட்டு, என்னை இழுத்துக்கொண்டு படியில் இறங்கினார். தம்பியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று படி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தேன். "வாம்மா" என்று மட்டும் சொன்னார். எனக்கு அத்தாவின் மேல் கோபம். முக்கியமானதை விட்டுவிட்டாரே, இவருக்குக் கேட்கவே தெரியவில்லையே என்று நினைத்தேன்.

அதனால் நானே கேட்டேன். மறுநாள் அன்ரி என்னை ரொட்டி வாங்க அனுப்பினார். கடையின் சின்ன ஜன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்த்தேன். மூத்தவர் மாவைக் கையில் பிடித்த சின்னத் துணிமெத்தை மேல் விரித்துத் தந்தூர்ச் சுவரில் அறைந்துகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் தம்பியைப் பற்றிச் சொன்னேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறான், வீடு சூடாக இருந்தால்தான் விடுவார்கள் என்று சொல்லி, அத்தா காட்டிய மாதிரியே இரண்டு கைகளையும் சேர்த்து ஏந்திக் காட்டினேன். அவர் கையிலிருந்த மாவைக் கீழே வைத்துவிட்டார். என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் தம்பியை அடக்கினார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. மத்தியான லுஹர் தொழுகைக்குப் பிறகு அத்தாவும் மாமாவும் வீட்டுக்கு வந்ததும், அன்ரி என்னைக் கூட்டிக்கொண்டு வந்து விட்டார். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார். சளி என்று நினைத்தேன். வாசலில் கிடந்த இரண்டு ஜோடிச் செருப்பிலும் ஈர மண் ஒட்டியிருந்தது. எங்கே விளையாடிவிட்டு வந்தீர்கள் என்று மாமாவைக் கேட்டேன். அவர் எழுந்து பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார்.

அந்த நேரத்தில்தான் ரொட்டிக்கடை மூத்தவர் வந்தார். துணியில் சுற்றிய சூடான ரொட்டி கையில் இருந்தது.

"ஏன் பாய் எங்ககிட்டச் சொல்லல? புள்ளைக்குன்னா நாங்க வேணாம்னா சொல்லுவோம்? ஹாரிஸ்கிட்டச் சொல்லிட்டேன். இன்னைக்கே போடுவார்."

பாத்ரூமிலிருந்து வந்த மாமா எதையோ சொல்ல வாயெடுத்தார். அத்தா அவர் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். பிறகு மூத்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். தோளில் முகத்தை வைத்தவர் எடுக்கவே இல்லை. அது நன்றி என்று நினைத்து அந்த மனிதர் அத்தாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். மாஷா அல்லாஹ், மாஷா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நன்றி என்றுதான் நினைத்தேன்.

சாயங்காலம் மிஷின் உறுமியது. அத்தா நாற்காலியில் ஏறி, தான் கோணலாக ஒட்டிய டேப்பைப் பிய்த்து அட்டைகளை இறக்கினார். முதலில் தூசி கருகும் வாடை வந்தது. பிறகு காற்று வந்தது. நான் துவாரத்துக்குக் கீழே நின்று பாவாடையை விரித்துச் சுற்றினேன். அத்தா நாற்காலியிலேயே உட்கார்ந்து தலைக்கு மேல் கையை நீட்டி, அந்தக் காற்று எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று நானும் பிள்ளை பெற்றவள். இருக்கிறதையும் போனதையும் அல்லாஹ்விடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று எனக்குத் தெரியும். சிறு வயதில் போன பிள்ளை மறுமையில் பெற்றவர்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சொர்க்கத்துக்குள் போகும் என்பதை நான் முழுமனதோடு நம்புகிறேன். ஆனாலும் அந்தச் சாயங்காலத்தை நினைத்தால் என் துஆ பாதியில் நின்றுபோகிறது. யா அல்லாஹ், எத்தனை கதவைத் திறந்தாய், என்று மட்டும் சொல்கிறேன். நாலாவது மாடிக்காரர்கள் அந்தக் குளிர்காலம் முழுக்க ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். அவர்களிடம் அத்தா எப்போது சொன்னார், சொன்னாரா என்றுகூட எனக்குத் தெரியாது.

சில நாள் கழித்து மாமா ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை அழைத்து வந்தார். அன்ரி ஒரு பக்கம் தாங்கிப் பிடித்திருந்தார். வாசலைத் தாண்டி இரண்டடி வைத்ததும் அம்மா நின்றார். போர்த்தியிருந்த சால்வையை மெல்ல விலக்கினார்.

"வீடு சூடா இருக்கு" என்றார்.

அத்தா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பாடுபட்டது சொல்லப்படாமல் போய்விடக்கூடாதே என்று நானே சொல்ல ஆரம்பித்தேன். எண்ணெய் ஹீட்டர், விளக்கு அணைந்தது, பிஸ்கட், ரொட்டிக்கடை ஜன்னல், ஒவ்வொரு மாடியாக எல்லாவற்றையும் சொன்னேன். நாலாவது மாடியைச் சம்மதிக்க வைத்தது நான்தான் என்பதை இரண்டு தரம் சொன்னேன். அம்மா என் தலைமேல் கையை வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் கேட்டார். அன்ரி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

வெளிக்கதவு திறந்தே கிடந்தது. சூடு வெளியே போய்விடும், சாத்துங்கள் என்றேன். அத்தா சாத்தப் போனார். உடனே நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

மாமா இன்னும் மேலே வரவில்லையே. தம்பியை அவர்தான் தூக்கிக்கொண்டு படியேறி வருகிறார் என்று நினைத்திருந்தேன்.