"லேடிதான் எடுப்பாங்களா?"

மார்பில் கட்டி தட்டுப்பட்டதும், மேமோகிராம் எடுக்கச் சொல்லி செங்கல்பட்டில் ஒரு சென்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். என் கணவர் அங்கே போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான்: "லேடிதான் எடுப்பாங்களா?" படம் எடுக்கும் பெண் லீவு, ஆண்தான் எடுப்பார் என்றதும் போனை வைத்துவிட்டார்.

"கண்டவன் முன்னாடி நிக்கப் போறியா? கோவளத்தாண்ட ஒரு எடம் கீது, அங்க லேடிதானாம்" என்று அங்கே அழைத்துப் போனார்.

அங்கே படம் எடுத்த பெண் நல்லவள்தான். மெஷின் தட்டு மார்பை அழுத்தியதும் நான் கத்திவிட்டேன். "வலிக்குதாக்கா? லூஸ் பண்ணிடறேன்" என்று தளர்த்தி எடுத்தாள். பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தது. கணவர் பிரியாணி வாங்கி வந்தார்.

சில மாதங்களில் கட்டி பெரிதானது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பழைய படத்தைப் பார்த்தார். "சரியா அழுத்தாம எடுத்திருக்காங்க. இந்த மங்கல் படத்த வச்சு ஒண்ணுமில்லன்னு யாரும்மா எழுதினது?"

கேன்சர் என்று மார்பையே எடுத்துவிட்டார்கள். அறுத்தவர் ஆண் டாக்டர். அன்றைக்கு மட்டும் என் கணவர் எதுவும் கேட்கவில்லை. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

இப்போது தங்கைக்கும் நாத்தனாருக்கும் நான்தான் சென்டருக்குப் போன் செய்கிறேன். ரிப்போர்ட் எழுதுவது மார்பகப் படம் பார்த்துப் பழகிய டாக்டரா, படம் தெளிவில்லாவிட்டால் திரும்ப எடுப்பார்களா என்று கேட்கிறேன். என் கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் போனைக் கொடுப்பதில்லை.