நான் இறுக்கிய திருகு

லாரியின் இடதுபக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. ஜன்னல் வழியாகக் கையை வெளியே விட்டுப் பிடியைத் தூக்க வேண்டும். என் தோள்பட்டைக்கு அது முடியாத காரியம். ஆகவே பெரம்பலூரில் ஏறி உட்கார்ந்தால், அரியலூரில் என் தங்கை கணவர் சுற்றி வந்து திறந்துவிடும்வரை எனக்கு இறங்க வழியில்லை. வாரத்துக்கு மூன்று நடை. மூன்றிலும் நான் கூடப் போக வேண்டும் என்பது தங்கையின் ஏற்பாடு.

வண்டி ரோட்டில் நேராகப் போவதில்லை என்று ஊரில் யாரோ அவளிடம் சொல்லிவிட்டார்கள். "வண்டி ஆடுதா, அவரு கை ஆடுதா, நீ பாத்து சொல்லுண்ணே. நீதான் எல்லாத்தையும் எண்ணுவியே" என்றாள். அவருக்கு அறுபத்து நான்கு வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று. டீ தம்ளரைத் தூக்கும்போது கை நடுங்கும், ஐந்தில் மூன்று தடவை தட்டில் சிந்தும். அவர்கள் ஊரான வாலிகண்டபுரத்தைச் சுற்றி விளையும் சின்ன வெங்காயத்தை இருபத்திரண்டு வருடமாக இதே லாரியில்தான் அரியலூருக்குக் கொண்டுபோகிறார். தப்பு கையில் என்றால் லாரியை விற்றுவிடுவது என்று தங்கை முடிவு செய்திருந்தாள். அது அவருக்கும் தெரியும்.

முப்பத்தைந்து வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்தவன் நான். நேர் ரோட்டில், ஒரு கிலோமீட்டர் கல்லுக்கும் அடுத்த கல்லுக்கும் நடுவே, வண்டி ஒதுங்கி அவர் ஸ்டியரிங்கைத் திருப்பி நேராக்குவது எத்தனை தடவை என்று எண்ணினேன். முதல் மூன்று நடையில் சராசரி ஒன்பது. எதிரே சிமெண்ட் லாரிகள் தார்ப்பாய் படபடக்க வரும். ஒவ்வொன்றுக்கும் என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"என்ன மச்சான், வாய்க்குள்ளயே முணுமுணுக்குறீங்க? மந்திரமா?"

"எதிர்ல வர்ற லாரிய எண்ணுறேன் மாப்ள."

"அதுல எத்தன நம்ம மேல ஏறுச்சு?"

"இதுவரைக்கும் எதுவும் இல்ல."

"அப்ப தைரியமா எண்ணுங்க."

மறுநாள் அவர் வீட்டு வாசலில் நின்ற லாரியில் ஏறி ஸ்கேல் வைத்து அளந்தேன். ஸ்டியரிங்கை நான்கு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. செல்போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஸ்டியரிங் பாக்ஸின் மேல் ஒரு திருகு இருக்கிறது, அதை இறுக்கினால் இந்த ஆட்டம் குறையும் என்றது. மெக்கானிக் பார்க்கட்டும் மச்சான் என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரத்தில், முக்கால் சுற்று இறுக்கினேன். ஸ்டியரிங் கெட்டியாகப் பிடித்தது, ஆட்டம் போய்விட்டது என்று நினைத்து மறுபடி அளக்கவில்லை. எழுந்து வந்து திருப்பிப் பார்த்தவர், "கனமா இருக்கே" என்று மட்டும் சொன்னார். பெண் கொடுத்த வீட்டு மூத்தவன் என்பதால் அதற்கு மேல் பேசவில்லை. வண்டியைச் சரி செய்துவிட்டேன் என்று தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன்.

அடுத்த நடையில் எண்ணிக்கை பதினான்கு. வளைவில் திருப்பினால் ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. அவர் இழுத்தால் மறுபக்கம் தாண்டிப் போயிற்று. நான் பதினான்கு என்று நோட்டில் எழுதித் தங்கையிடம் காட்டினேன். "வண்டிய சரி பண்ணதுக்கப்புறமும் இப்படின்னா, வேற என்ன இருக்கு?" என்றாள். புதன்கிழமை வந்து வண்டியை விலை பேசிக்கொண்டுபோக ஒருவருக்குச் சொல்லியனுப்பினாள். அன்று அவர் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். எனக்கு வருத்தம்தான். ஆனால் இன்னும் ஒரே நடைதான் என்ற நினைப்பும் வந்தது, அது இதமாகவே இருந்தது.

அந்த நடை திங்கட்கிழமை. அரியலூர் நெருங்கும்போது எதிரே வந்த சிமெண்ட் லாரி எங்கள் வலதுபக்கக் கண்ணாடியை ஒரு சாண் இடைவெளியில் கடந்து போயிற்று. கதவுப் பிடியைத் தேடி என் கை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. அவர் வண்டியை ரோட்டோரம் இருந்த ஒரு பட்டறையில் விட்டார்.

மெக்கானிக்குக்கு நாற்பது வயது இருக்கும். மாப்பிள்ளையை ஸ்டியரிங்கில் உட்காரவைத்து, கொஞ்சமாக இடதும் வலதும் ஆட்டச் சொன்னார். என்னைப் பார்த்து, "சார், நீங்களும் கீழ வாங்க, தொட்டுப் பாருங்க" என்றார். சாக்கு விரித்து நானும் வண்டிக்கு அடியில் போனேன். பாக்ஸிலிருந்து இறங்கும் இரும்புக் கையும் சக்கரத்துக்குப் போகும் நீளக் கம்பியும் சேரும் குண்டு மூட்டில், பால் ஜாயிண்ட் என்பார்கள், அதில் என் விரலை வைத்தார். இரும்புக் கை அசைந்து, ஒரு நொடி கழித்து, டக்கென்று கம்பி அசைந்தது. நான்கு விரல் ஆட்டமும் அங்கேதான் இருந்தது. திருகில் இல்லை.

பிறகு மெக்கானிக் என்னை வெளியே நகரச் சொல்லிவிட்டு எழுந்து, மாப்பிள்ளையை இறக்கி, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டியரிங்கை ஒரு விரலால் சுற்றினார். நடுவில் வந்ததும் அது பிடித்து நின்றது.

"பாக்ஸ யாரு இந்த இறுக்கு இறுக்குனது? எப்பேர்ப்பட்ட கையா இருந்தாலும் இதை நேரா ஓட்ட முடியாது."

"நான்தான். அவசரத்துல" என்றார் மாப்பிள்ளை.

"இத்தன வருசமா ஓட்டுறீங்க, இது தெரியலையா?"

"வயசாயிடுச்சுல்ல."

எழுந்திருக்கத் தோள் ஒத்துழைக்காமல் நான் டயருக்குப் பக்கத்திலேயே சாக்கில் கிடந்தேன். அங்கிருந்து, வண்டிக்கு மறுபக்கம் நின்ற அவர்களுடைய நான்கு கால்கள் மட்டும் தெரிந்தன. நான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜாயிண்டை மாற்றி, திருகைத் தளர்த்தினார்கள். இந்த வயது வண்டிக்கு ஒரு விரல், ஒன்றரை விரல் ஆட்டம் இருந்தே தீரும் என்றார் மெக்கானிக். திரும்பி வரும்போதும் எண்ணினேன். கிலோமீட்டருக்கு இரண்டு. மாப்பிள்ளை ஒற்றைக் கையால் பிடித்திருந்தார். கை நடுங்கியது. வண்டி நேராகப் போயிற்று.

வாலிகண்டபுரத்தில் தங்கை டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இன்னைக்கு எத்தனண்ணே?" என்றாள். அவர் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின காலையே திரும்பத் திரும்பக் கழுவினார். நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும். நாளை மறுநாள் வண்டி போய்விடும். அந்தக் கதவு, அந்த சிமெண்ட் லாரிகள் எல்லாம் போய்விடும். அவரும் வாயைத் திறக்க மாட்டார்.

"ரெண்டு" என்றேன். "அந்தப் பதினாலு நான் செஞ்சது. அவரு கை இல்ல." திருகைப் பற்றியும் ஜாயிண்டைப் பற்றியும், பட்டறையில் அவர் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டதைப் பற்றியும் சொன்னேன்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. தங்கை என் செல்போனை எடுத்து என் கையில் வைத்தாள். "புதன்கிழமை வர வேண்டாம்னு அந்த ஆளுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லு" என்றாள். செய்தேன்.

"இனிமே வண்டில எதுலயும் கை வைக்காத. சும்மா கூட மட்டும் போயிட்டு வா."

"அதான் சரியாயிடுச்சே, இன்னும் நான் எதுக்கு?"

"ரெண்டு இருக்குன்னு நீதானண்ணே சொன்ன."